கண்ணாயி தூக்கிப் பார்த்த பீரோ

மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டில் கண்ணாயியின் கைக்கு ஒரு மரியாதை இருந்தது. மிளகை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இரண்டு தரம் குலுக்கினால் போதும், சரக்கு கெட்டியா, உள்ளே ஒன்றுமில்லாத பொக்கா என்று சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பாள். கீழேயிருந்து வரும் வியாபாரிகள்கூட அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். மகளைப் பெண் கேட்டு வந்த பொன்னம்மாளிடமே, அவள் கொண்டுவந்த மிளகைக் கடித்துப் பார்த்து, "உங்க மொளகு பொக்குங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. நாற்பத்தைந்து வயதுவரை இந்தக் கணக்கு அவளைக் கைவிட்டதில்லை.

2004 வைகாசியில் மகள் சுமித்ராவுக்கும் பொன்னம்மாளின் மூத்த மகனுக்கும் குண்டனி நாட்டில் கல்யாணம். சீர்வரிசை என்பது அப்போதுதான் கீழ்நாட்டிலிருந்து பஸ் ஏறி மலைக்கு வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. ஆசைப்பட்டதெல்லாம் கண்ணாயிதான்.

"நம்ம பலா மரத்துல ஒரு பெட்டி செஞ்சாப் போதும்மா" என்றாள் சுமித்ரா.

"நீ சும்மா இரு கண்ணு" என்று கண்ணாயி சேலத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

கடையில் மலேசியாவில் செய்த பீரோ ஒன்று பளபளவென்று நின்றது. "என்ன மரமுங்க?" என்று கேட்டாள்.

"இம்போர்ட்டட் சரக்குங்கம்மா. இருவது வருசத்துக்கு அசையாது" என்றான் கடைக்காரன்.

கேட்டதற்கு இது பதில் இல்லையே என்று பாவிக்கு அப்போது உறைக்கவில்லை. மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அப்பாடி, என்ன கனம்! அத்தோடு முடிவாகிவிட்டது. லாரி ரோட்டோடு நின்றுவிட, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒத்தையடிப் பாதையில் நாலு ஆள் அதைச் சுமந்து மூச்சு வாங்கினார்கள். அவர்கள் முக்க முக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி வந்தது. மலையில் அந்த மாதம் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து குடியிருக்கும். மகளைப் பார்க்கப் போன கண்ணாயி, பீரோவின் கீழ்ப்பாதியில் பழைய சேலை ஒன்று தொங்குவதைக் கண்டு விலக்கினாள். அடிப்பலகை பாலில் ஊறிய பன்னாக உப்பியிருந்தது. கதவு சாத்தவில்லை. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தி, மேலே மரம் மாதிரி காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். அத்தனை கனமும் தூள்!

கடைக்காரன் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் கை மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. ஒரு மிளகு மணியைக் கடித்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, பீரோவின் பின்பக்கம் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்க்கத் தோன்றவில்லையே!

"அத்தைக்கு இன்னும் தெரியாதும்மா. வாயத் தொறக்காத" என்று சுமித்ரா கிசுகிசுத்தாள்.

அந்நேரம் பார்த்துப் பொன்னம்மாள் காப்பியோடு வந்தாள். "ஏனுங்க சம்பந்தி, தையில சின்னவனுக்குக் கல்யாணம். இதே மாதிரி பீரோ ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறோம். நீங்க வந்து தூக்கிப் பாத்துச் சொல்லோணும்."

மாமியாரின் முதுகுக்குப் பின்னால் சுமித்ரா கண்ணால் கெஞ்சினாள். கண்ணாயியால் மறைக்க முடியவில்லை. இன்னொரு குடும்பத்தையும் இந்தக் கையை நம்பிக் குழியில் இறக்குவதா? பீரோவில் தொங்கிய பழஞ்சேலையை இழுத்துக் கீழே போட்டாள்.

"வாங்காதீங்க சம்பந்தி. நான்தான் ஏமாந்துட்டேன்."

சுமித்ரா பொங்கிவிட்டாள். "மழைக்காலம் பூரா நான் மூடி வெச்சு உம் மானத்தக் காப்பாத்துனேன். அன்னிக்கும் என் பேச்சக் கேக்கல, இன்னிக்கும் கேக்கல!"

பொன்னம்மாள் குனிந்து உதிர்ந்த தூளைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப எங்க மொளகப் பொக்குன்னு சொன்னதும் இப்படித்தானுங்களா? உங்க பேச்ச நம்பி வந்த வெலைக்குத் தள்ளுனமே."

அது கடித்துப் பார்த்துச் சொன்னது. பொக்கேதான், சந்தேகமே இல்லை. சொல்ல வாய் வரை வந்தது. உள்ளங்கையில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்தாள். ஆறிக்கொண்டிருந்த காப்பியை எடுத்து, வாய் வரை வந்ததையும் சேர்த்து விழுங்கினாள்.