ஐஸ் கம்பெனியில் பிழைத்த கம்ப்யூட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பலசரக்குக் கடைக்குச் சீட்டு எழுதுவதோடு சரி. ஞாபக மறதியும் வந்துவிட்டது. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வருஷம்கூடச் சரியாக நினைவில்லை. தொண்ணூற்றெட்டா தொண்ணூற்றொன்பதா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் "பங்குனி மாசம்" என்கிறார். அது எனக்கும் தெரியும்.

அருப்புக்கோட்டையில் அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம். காப்புக் கட்டிவிட்டால் கோயிலில் பங்குனிப் பொங்கல் முடிகிறவரை எங்கள் பக்கம் கறி, மீன் எதுவும் வீட்டுக்குள் வராது. ஆட்டுக்கறியை நினைத்தால்கூடப் பாவம் என்பார்கள். இதைச் சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

என் மகனுக்குக் கல்யாணம் முடிந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. அவனுக்கும் மருமகளுக்கும் மெட்ராஸில் வேலை. மகனுக்குப் பொங்கலன்றுதான் லீவு கிடைக்கும் என்று மருமகள் மட்டும் முன்கூட்டியே வந்தாள். கூடவே மடியில் வைத்துத் தட்டுகிற கம்ப்யூட்டர் ஒன்றும் வந்தது. ஆபீஸில் கொடுத்ததாம். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிற புரோகிராமை அவள் அதில் எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போனதும் அதை ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்தால்தான் வேலை நிரந்தரம் என்று மகன் போனில் சொல்லியிருந்தான்.

எனக்குக் கூச்சம் அதிகம். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு காப்பியை மட்டும் வெளியே நீட்டுகிறவள். மருமகளிடம் அதுவரை நான் பேசியதெல்லாம் "சாப்பிட்டியாம்மா", "தலைக்கு எண்ணெய் வேணுமா", இவ்வளவுதான். அவளும் "சாப்பிட்டேன் அத்தை", "வேண்டாம் அத்தை" என்பாள். பிறகு அவள் கம்ப்யூட்டரைப் பார்ப்பாள், நான் அடுப்பைப் பார்ப்பேன்.

வீட்டில் நல்ல அறை என்று இருந்தது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் அதை அவளுக்கு ஒழித்துக் கொடுத்து, மேஜையைச் சுவரோரம் போட்டு, கம்ப்யூட்டரை அதன்மேல் வைக்கச் சொன்னார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் தறிச்செட். பவர்லூம் ஓடினால் அந்த மேஜையில் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். காலம் காலமாக அப்படியே இருப்பதால் எங்களுக்கு அது ஆட்டமாகவே தெரியாது. டம்ளர் விளிம்புக்கு வந்தால் எடுத்து உள்ளே வைப்போம், அவ்வளவுதான். மருமகள் ஒருதரம், "மாமா, மேஜை ஆடுது" என்றாள். "நம்ம வீட்ல எல்லாம் ஆடத்தாம்மா செய்யும், தறி ஓடுதுல்ல" என்று அவர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒருநாள் காலையில் கம்ப்யூட்டருக்குள் டக்கு டக்கென்று சத்தம் வந்தது. அப்புறம் திரை நீலமாகி நின்றுவிட்டது. மருமகள் அணைத்துப் போட்டாள், மறுபடி டக்கு டக்கு. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ பெரிய காரியம் என்று எனக்குப் பட்டது. எல்லாம் சேமித்து வைத்திருக்கிற ஹார்ட் டிஸ்க் என்ற பெட்டி கெட்டுப்போகிறதாம். இத்தனை நாள் எழுதியது முழுக்க அதில்தான் இருக்கிறதாம். வேறெங்கும் பிரதி இல்லை. ஊருக்கு வருகிற அவசரத்தில் எடுக்கவில்லை என்றாள்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஆபீஸ் தோழிக்குப் போன் போட்டாள். நானும் துணைக்குப் போனேன். வெயில், தறி, ஆடுகிற மேஜை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தத் தோழி, "நீ ஓடுற ரயில்லயா குடியிருக்க?" என்று கேட்டாளாம். கடைசியில் ஒரு வழி சொன்னாள். அந்தப் பெட்டியைத் தனியாகக் கழற்றி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, பிரிட்ஜில் ஐஸ் உறைகிற இடத்தில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். குளிர்ந்ததும் மாட்டினால் சிலசமயம் கொஞ்ச நேரம் உயிர் வரும். அது மறுபடி சூடாவதற்குள் வேண்டியதை பிளாப்பி என்கிற சதுரத் தகட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடவும் கூடாது.

கடிகாரம் பழுது பார்க்கிறவரிடம் சின்ன திருப்புளி வாங்கி மருமகளே அதைக் கழற்றினாள். நாலைந்து தீப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவுதான் இருந்தது. பிளாப்பி வாங்க வீட்டுக்காரர் சைக்கிளில் டைப் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார். வரும்போது புதுச் சாமான் என்று ஒவ்வொன்றுக்கும் மஞ்சள், குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். மருமகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முந்தானையால் துடைத்தாள்.

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. அடுத்த தெருவில் என் நாத்தனார் வீட்டில் இருந்தது. ஓடிப்போய்க் கேட்டோம். அவளும் சந்தோஷமாகத் திறந்து காட்டினாள். உள்ளே பட்டுச்சேலைகள் அடுக்கியிருந்தன. மேலே ஐஸ் பெட்டிக்குள் வீட்டுப் பத்திரம்.

"ஏன் மதினி அப்படிப் பாக்கிறீக? இதுல கரப்பான் ஏறாது, பூட்டும் இருக்கு. கரண்டு போட்டா பில்லு வரும்ல" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "மெசினு போனாப் போகுது விடுங்க. இதுதான் சாக்குன்னு வேலைய விட்டுட்டு வரச் சொல்லுங்க. வீட்ல இருந்து ஒரு பிள்ளையப் பெத்துக் குடுக்கட்டும்."

மருமகள் வாசலில் நின்றிருந்தாள். காதில் விழாத மாதிரி பிளாப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைக்க அதில் மஞ்சளே இல்லை. எனக்கு நாத்தனாரிடம் பதில் பேசி வழக்கமில்லை. அன்றைக்கும் வாய் வரவில்லை. ஆனால் கால் கிளம்பிவிட்டது. "வாம்மா, ஐஸ் கம்பெனிக்குப் போவோம்" என்றேன். அவளிடம் நானாகச் சொன்ன முதல் பெரிய வாக்கியம் அதுதான்.

வீட்டுக்கு வந்து மருமகள் கம்ப்யூட்டரைப் பையில் போட்டுக்கொண்டாள். வெயில் படாமல் இருக்கட்டும் என்று, பிளாஸ்டிக் பையில் கட்டிய பொட்டலத்தை ஒரு தூக்குச்சட்டிக்குள் வைத்து, மேலே ஈரத்துண்டைப் போட்டு மூடி நான்தான் தூக்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் கறி வாங்கப் போகிறவர்கள் எப்படிக் கொண்டுபோவார்களோ அச்சு அசல் அப்படி. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐஸ் கம்பெனி வாசலில் நல்ல கூட்டம். திருவிழாவுக்குக் குச்சி ஐஸ், பால் ஐஸ் எடுக்க சைக்கிள் பெட்டிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். முதலாளி அண்ணாச்சி நெற்றி நிறைய திருநீறும் மஞ்சள் வேட்டியுமாக இருந்தார். அவரை அதற்கு முன் நான் பார்த்தது கிடையாது. என் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தார்.

"என்ன தாயி கொண்டாந்திருக்கீக?"

நான் பயத்தில், "கறி இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"நான் கறியான்னு கேக்கவே இல்லையே" என்றார் அவர்.

வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குச் சந்தேகம் வந்ததிலும் நியாயம் இருந்தது. "போன வருசம் இதே மாதிரித்தான், ஒருத்தன் மாட்டு மருந்துன்னு சொல்லி ஆட்டுத் தொடைய வச்சுட்டுப் போயிட்டான். பால் ஐஸு தின்னவன் பூராம் என் சட்டையப் பிடிச்சான். காப்புக் கட்டுன ஊருல நான் என்னன்னு பதிலு சொல்ல? பிரிச்சுக் காட்டுங்க."

பிரித்தால் ஈரம் ஏறிவிடும் என்றாள் மருமகள். அண்ணாச்சி அவளை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். எப்படியாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று நான், "இதுக்குள்ள என் மருமக வேலை இருக்கு அண்ணாச்சி. இது குளுந்தாத்தான் வேலை நிக்கும்" என்றேன்.

"வேலைய எப்படித் தாயி பொட்டலம் கட்டினீக?"

கூட்டம் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் தூக்குச்சட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருப்பேன். அன்றைக்கு என்னவோ நின்றேன். நின்றது மட்டுமில்லை, மூச்சு விடாமல் பேசினேன். தறி, டம்ளர், டக்கு டக்கு, மஞ்சள் வைத்த பிளாப்பி எல்லாம் சொன்னேன். பிரிட்ஜுக்குள் பட்டுச்சேலை இருந்ததைச் சொன்னபோது அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாத்தனார் சொன்னதைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பொட்டலத்தை வாங்கி மூக்கருகே வைத்து நன்றாக மோந்து பார்த்தார்.

"கறி வாடை இல்ல" என்று கூட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஐஸ் பாளம் வார்க்கிற காலித் தகரம் ஒன்றைத் துடைத்து, அதற்குள் பொட்டலத்தை வைத்து, மூடி போட்டு, ஐஸ் உறைய வைக்கிற உப்புத்தண்ணித் தொட்டியில் இறக்கினார். இரண்டு பக்கமும் பால் ஐஸ், நடுவில் என் மருமகள் வேலை.

குளிர்ந்ததும் எடுத்து, துடைத்து, கம்ப்யூட்டரைப் பலகையில் வைத்து அதில் மாட்டினாள். திரை வெளிச்சமானது. ஐஸுக்கு வந்த கூட்டம் முழுக்க எங்கள் முதுகுக்குப் பின்னால். திரையில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு வெள்ளைத் தாள் ஒவ்வொன்றாகப் பறந்தது. பிளாப்பிக்குப் போகிறது என்று அர்த்தமாம். கொஞ்ச நேரம் பறந்துவிட்டு நடுவழியில் நின்றது. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். மறுபடி டக்கு டக்கு.

"இங்கேயும் ஆடுது அத்தை" என்றாள் அவள் மெதுவாக. உண்மைதான். ஐஸ் மோட்டார் ஓடுகிற ஓட்டத்தில் பலகையே நடுங்கியது.

மறுபடி தொட்டிக்குள் இறக்கினார்கள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணாச்சி ஆளுக்கு ஒரு பால் ஐஸ் கொடுத்தார். மருமகள் ஐஸைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். ஐஸ் சேலையில் ஒழுகியது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. "முதல்ல ஐஸைத் தின்னு, சேலை வீணாப் போகுது" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத்தை, இவ்வளவு பேசுவீங்களா நீங்க? என்னைப் பிடிக்காமத்தான் பேசலைன்னு நினைச்சேன்."

"நீ போன்ல இங்கிலீசு பேசுறதக் கேட்டு நான்தாம்மா பயந்து கெடந்தேன்."

"அது இங்கிலீஷ் தெரியாம தடுமாறுறது அத்தை. அதான் வேகமா பேசுறேன்" என்றாள்.

இரண்டாம் தடவை எடுத்து மாட்டும்போது அண்ணாச்சி எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவள் என்னிடம் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. திடீரென்று அவ்வளவு அமைதி. சைக்கிள் பெட்டிக்காரர் ஒருத்தர், "அண்ணாச்சி, ஐஸு இளகிரும்" என்றார்.

"இளகட்டும்லே. ஒரு பிள்ளையோட சோறு பறந்துக்கிட்டு இருக்கு, சும்மா இரு."

தாள் பறந்தது. ஒரு பிளாப்பி நிறைந்ததும் அடுத்ததைப் போட்டாள். யாரோ தும்மினார், நாலு பேர் முறைத்தார்கள். என் வீட்டுக்காரர் இடையில் வந்து சேர்ந்து, விஷயம் புரியாமல், எல்லோரும் கும்பிடுகிற மாதிரி நிற்பதைப் பார்த்துத் தானும் கை கூப்பிக்கொண்டார். கடைசித் தாளில் ஒரு துண்டு வராமலே மறுபடி டக்கு டக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எத்தனை தரம் குளிர வைத்தாலும் அந்தப் பெட்டி கண் திறக்கவில்லை. ஆனால் வேண்டியது வந்துவிட்டது, மிச்சத்தை நானே எழுதிக்கொள்வேன் என்றாள் மருமகள். கூட்டம் கலைந்து ஐஸை எடுக்கப் போனது. நிறையப் பேருக்குக் குச்சி ஆடிய ஐஸ்தான் கிடைத்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை.

டைப் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து அவள் மிச்சத்தை எழுதி முடித்தாள். ஆபீஸில் கெட்ட பெட்டிக்காகக் கொஞ்சம் திட்டு விழுந்ததாம். வேலை நிரந்தரமாகிவிட்டது. பிள்ளையும் அப்புறம் அதன் நேரத்துக்குப் பிறந்தது. நாத்தனாருக்கு இரண்டு செய்தியையும் நானே நேரில் போய்ச் சொன்னேன். வாய் ஒருதரம் திறந்தால் பிறகு மூடுவது சிரமமாகத்தான் இருக்கிறது.

அந்த அண்ணாச்சிக்கு நாங்கள் கொண்டுபோனது என்னவென்று கடைசிவரை விளங்கவில்லை. எனக்கும்தான். விளங்கவில்லை என்பதற்காக அவர் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஒருத்தருடைய கஷ்டம் நமக்குப் புரிய வேண்டும் என்பதில்லை, நம் மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இப்போதும் யாராவது எனக்குப் புரியாத கவலையோடு வந்து நின்றால் கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

கம்ப்யூட்டரைப் பற்றி எழுதியதில் தப்பு இருக்கும். குளிரில் வைப்பது சரியான வைத்தியம்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. என்னை நம்பி யாரும் தூக்குச்சட்டியோடு கிளம்பிவிட வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருதரம் சரிபார்த்துக் கொடுங்கள். அண்ணாச்சி மோட்டாரை நிறுத்தியதை மட்டும் சரிபார்க்க வேண்டாம், அதை நான் கண்ணால் பார்த்தேன்.