கோணல் வீட்டில் நேரான பூ

எழுபதுகளில் தூத்துக்குடியில் புது வீடு கட்டியவர்கள் எல்லாரும் முன்னறைக்கு மொசைக் தரை கேட்டார்கள். நடுவில் ஒரு பூவும் வேண்டும். என்னைவிடச் சுத்தமாகப் பூப் போட அன்றைக்கு ஊரில் ஆள் கிடையாது.

கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல் ஒருவர், திசைகாட்டியில் இருக்கும் எட்டுமுனை நட்சத்திரத்தையே பூவாகக் கேட்டார். தன் பழைய திசைகாட்டியையும் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனார். மற்ற கொத்தனார்கள் அழகு என்று வடக்கு முனையை வாசலுக்கு நேராகத் திருப்பிவிடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. முள் காட்டிய பக்கமே கறுப்புச் சில்லுகளால் வடக்கைப் பதித்தேன்.

முதல் தேய்ப்பு முடிந்ததும் தண்டலின் மனைவி வந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பூ கோணலாக் கெடக்கு? வாரவங்க சிரிக்க மாட்டாவளா?"

"பூ நேராத்தான் கெடக்கு. ஒங்க வீடுதான் கோணல்," என்றேன். கடற்கரையோடு சாய்ந்து போகும் தெரு அது.

"பேத்துட்டு வேற போடுங்க."

"பேக்க மாட்டேன். தண்டல் வந்து சொல்லட்டும்."

அதற்குப் பிறகு அந்த அம்மா என்னோடு பேசவில்லை.

கடைசிப் பாலீஷ் போட மறுபடி போனபோது தண்டல் திரும்பியிருக்கவில்லை. கடலில் காற்று மோசம் என்று துறைமுகத்தில் பேச்சு. காலி முன்னறையில் ஒரே ஒரு நாற்காலி, சுவர் மூலையைப் பார்த்துக் கோணலாகக் கிடந்தது. மெஷினுக்கு இடம் வேண்டுமென்று தூக்கப் போனேன்.

"அத நவுத்தாதீங்க," என்றார் அந்த அம்மா உள்ளேயிருந்து.

குனிந்து பார்த்தேன். நாற்காலி தென்கிழக்கு முனையோடு நேராக இருந்தது. கொழும்பு அந்தப் பக்கம்.

நாற்காலியைச் சுற்றியே பாலீஷ் போட்டேன்.