மொட்டைக்கு ஒரு விசாரணை

இந்த நாட்டில் நான் அழைப்புமணியை அழுத்தினால், கதவைத் திறப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்க்கிறார்கள். அடுத்து, தங்கள் பிள்ளை எங்கே என்று திரும்பிப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் இந்தச் சிறிய ஊருக்கு வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. குழந்தைகள் நலப் பிரிவின் சோஷியல் ஒர்க்கர் என்றாலே பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிறவள் என்று நினைக்கிறார்கள். நம்மூரில் பூச்சாண்டிக்குக் கொடுத்த வேலையை இங்கே எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்னை போய் சமூகப்பணி மேற்படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. படித்தபோது வாரம் இரண்டு நாள் களப்பணி. ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விசைத்தறி வீடுகளில் இதே மாதிரி ஓர் அட்டையோடு போய் நிற்பேன். தறியை நிறுத்திவிட்டு நாற்காலி போடுவார்கள். "வாம்மா, முதியோர் பென்ஷனுக்கு எழுதிகினு போறியா?" என்பார்கள். யாருக்கும் பயம் கிடையாது. அம்மாவைக் கேட்பேன், மாமியாரைக் கேட்பேன், பக்கத்து வீட்டுக்காரி கேட்காமலே சொல்லுவாள். வாசலில் நிற்கும் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன். தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை பற்றித் தேர்வில் ஐந்து பக்கம் எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினேன். அந்த ஐந்து பக்கத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. திருத்திய பேராசிரியருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போன செப்டம்பரில் ஒரு பள்ளியிலிருந்து புகார் வந்தது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை. கோடை விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து கம்பளித் தொப்பியைக் கழற்ற மறுக்கிறாள். உள்ளே தலை மழிக்கப்பட்டிருக்கிறது, காதோரம் ஆறிய கீறல். பெயரையும் பெற்றோரின் ஊரையும் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; எங்கள் திருத்தணிப் பக்கம்தான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போய் மொட்டை போட்டிருக்கிறார்கள். இதற்கு ஒரு விசாரணை!

ஆசிரியையிடம் விளக்கினேன். "தண்டனையா?" என்று கேட்டார். "இல்லை, காணிக்கை" என்றேன். "யாருக்கு?" "கடவுளுக்கு." "யார் கொடுத்தது?" "குடும்பம்." அவர், "முடி குழந்தையுடையதுதானே?" என்றார். இவர்களுக்கு எங்கே புரியப் போகிறது என்று மனதுக்குள் நொடித்துக்கொண்டு வந்தேன்.

அவர்கள் வீட்டில் தாய் கதவைப் பாதிதான் திறந்தாள். நான் திருத்தணி என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "புள்ளைய எடுத்துகினு போயிடுவாங்களாக்கா? வேண்டுதல்க்கா, வேற ஒண்ணும் இல்ல." காப்பி குடித்தோம். கோயில் படியேறிய கதையெல்லாம் பேசினோம். "பாப்பாவுக்கு சந்தோஷம்தானே?" என்று கேட்டேன். "ஆங், ரொம்ப சந்தோஷம்க்கா" என்றாள். குழந்தை மாடியில் இருந்தது. படிவத்தில் 'குழந்தை சொன்னது' என்ற கட்டத்தில், மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மேலதிகாரி கிளேர் கூப்பிட்டார். "குழந்தையைத் தனியாகப் பார்த்தபோது இதே வார்த்தைகளில் சொன்னாளா?"

என் முதல் பயம் வேலையையும் அதில் தொங்கிக்கொண்டிருக்கும் விசாவையும் பற்றியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் குழந்தை இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வந்தாள். அந்த வீட்டுக்குள் நிஜமாகவே ஏதாவது நடந்திருந்தால்? ஊர்க்காரி என்ற பாசத்தில் நான் பார்க்காமல் விட்டிருந்தால்? பார்க்கவேயில்லை என்று உண்மையைச் சொன்னேன். கிளேர் திட்டவில்லை. "இன்றே போ" என்றார்.

பள்ளியில் ஒரு சின்ன அறையில் அவளும் நானும் உட்கார்ந்தோம். வெகுநேரம் தொப்பியின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய ஆங்கிலத்தில் சொன்னாள்: "வேண்டாம் என்று சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன், எல்லோரும் சிரித்தார்கள்." அடிப்பார்களா, வேறு ஏதாவது பயம் உண்டா என்றெல்லாம் கேட்டேன். இல்லை என்றாள். "நான் சொன்னதால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போவீர்களா?" இந்தக் கேள்விக்கு இல்லை என்று உறுதி சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

பிள்ளையை யாரும் எடுத்துப் போகவில்லை. பெற்றோரிடம் பேசினார்கள், ஆறு வாரம் கண்காணித்தார்கள், முடித்துவிட்டார்கள். அந்த ஆறு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் எதிர்ப்பட்ட தாய், "நம்மூரு ஆளு நீங்களே எழுதிட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த ஞாயிறு என் நாலு வயது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது திருத்தணியிலிருந்து என் அப்பா, நைனா, பேசினார். போனை மேசைமேல் சாய்த்து வைத்தேன்.

"அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு வந்துடுங்கம்மா. பாப்பாவுக்கு மொட்டை போடணும். பொறந்தப்ப கண்ணாடிப் பெட்டில வெச்சிருந்தாங்களே, அன்னைக்கே வேண்டிகினேன். உங்கிட்ட சொல்லல."

சீப்பைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன்: "நைனா, எனக்கு மொட்டை போட்டப்ப நான் அழுதேனா?"

"அழாம? ரெண்டு பேரு அமுக்கிப் புடிச்சோம். அப்புறம் ஜிலேபி வாங்கிக் குடுத்தேன், சிரிச்சிட்ட."

எனக்கு அந்த ஜிலேபி மட்டும்தான் ஞாபகம்.

"பாப்பாவைக் கேட்டுட்டுச் சொல்றேன் நைனா."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அவ வேணான்னுட்டா?" என்றார். அந்தக் குரலில் இருந்த பயத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை. பேத்தியின் உயிருக்காகச் சாமிக்குக் கொடுத்த வாக்கு அந்த வேண்டுதல்.

ஒரு குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியும். பதிலை வாயில் திணிக்கக் கூடாது, ஆசை காட்டக் கூடாது, காத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் நைனாவுக்கும் மலைமேல் இருப்பவனுக்கும் யார் பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பாதி பின்னிய சடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தேனோ.

"விடும்மா, வலிக்குது" என்றாள்.