த்வாண்டே வாய்க்காலில் ஒரு ரப்பர் தவளை

காலை ஆறு மணிக்கே யாங்கோனின் பன்சோடான் படகுத்துறையில் கூட்டம் நெரிந்தது. மழை விட்டபாடில்லை. கியாக்டடாவில் நான் தங்கியிருந்த விடுதியிலிருந்து துறைக்கு நடை தூரம்தான். போய்ச் சேர்வதற்குள் தொப்பலாகிவிட்டேன். ஆற்றின் அக்கரையிலுள்ள டாலா போகும் படகில் குமார் அண்ணன் எனக்கும் இடம் பிடித்து, மடியில் லூர் எனும் பொய் இரைகளின் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

அவர் யாங்கோன் தமிழர், மின்சாமான் கடைக்காரர். லூர் போட்டு விரால் பிடிக்கும் பைத்தியம் எங்கள் இருவரையும் இணையத்தில் சேர்த்துவைத்தது. அவரோடு ஒருநாள் மீன் பிடிக்கத்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தேன். வந்த நேரம் சரியில்லை.

குறடால் தூண்டில் முட்களில் மீன் கழலாமல் பிடிக்கும் எதிர்முனைகளை நசுக்கிக்கொண்டிருந்தார்.

"மீன் கழண்டு ஓடிராதா அண்ணே?"

"ஓடுனா ஓடட்டும் தம்பி. காயம் இல்லாம வரணும். இது சட்டிக்கு இல்ல, தினேசுக்காக விடுறதுக்கு."

தினேஷ் அவருடைய ஒரே மகன், இருபது வயது. கட்டாய ராணுவ சேவைக்குப் பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் போன வாரம் தாய்லாந்து எல்லைக்குக் கிளம்பியவன். பாதி வழியில் போன் அணைந்தது; அப்புறம் பேச்சே இல்லை. ஆபத்தில் இருப்பவர் பெயரில் உயிர்மீனைத் தண்ணீரில் விடுவது பர்மியர் வழக்கம். அந்தப் புண்ணியத்தைக் குத்தோ என்பார்கள். அண்ணன் வீட்டில் முருகன் படத்துக்கும் பூ உண்டு, குத்தோவிலும் நம்பிக்கை உண்டு.

"பஜார்ல வாங்கி விடலாமே?"

"அது பாதி செத்த மீனு. விட்ட எடத்துலயே வலை போட்டு அள்ளிருவான். நல்ல ங்கயானா நானே புடிச்சு பயா குளத்துல விடப் போறேன்." விராலுக்கு அங்கே ங்கயான் என்று பெயர். பயா என்றால் புத்தர் கோயில்.

டாலாவிலிருந்து த்வாண்டே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். வாடகை மோட்டார் சைக்கிளில், சேறு முகத்தில் தெறிக்கப் போனோம். நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே ஆகாயத்தாமரை மூடிய வாய்க்கால். அண்ணன் முதலில் ஒற்றை முள் வைத்த சுழலும் தகட்டைப் போட்டார். உதட்டோடு மாட்டும், தொண்டைக்குப் போகாது என்பது அவர் கணக்கு. வீசும்போதெல்லாம் ஒரு பிடி பாசியோடு திரும்பி வந்தது.

லூர் விஷயத்தில் எனக்கு வாய் சும்மா இருக்காது. "பாசிக்குத் தவளைதாண்ணே. கலங்கல் தண்ணிக்குக் கறுப்பு," என்றேன். பதினைந்தாயிரம் கியாட்டுக்கு வாங்கிய கறுப்பு ரப்பர் தவளையை எடுத்துக் கட்டினார். முள் முதுகோடு ஒட்டியிருப்பதால் அது பாசியில் சிக்காது. இரண்டு மீன் கவ்விக் கழன்றன. அவர் முகம் தொங்கிப்போனது.

அப்போதுதான் கரையோரம் செக்கச்செவேலென்று ஒரு கொத்து குமிழியிடுவதைப் பார்த்தேன். விரால் குஞ்சுகள். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும், பசியில்லாவிட்டாலும் பாயும். லூர்காரனுக்கு அதைவிடச் சுலபமான இடம் கிடையாது.

"அங்க போடுங்கண்ணே!"

முதல் வீச்சிலேயே தண்ணீர் வெடித்தது. உதட்டோரம் மட்டும் மாட்டியிருந்தது, ஒரு சொட்டு ரத்தமில்லை. மூடி போட்ட வாளியில் விட்டுவிட்டு அண்ணன் சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மதியம் வீட்டில் அவர் மனைவி சாந்தி அக்கா மூடியைத் திறந்து பார்த்துக் கும்பிட்டார். அண்ணன் பிடித்த கதையை உற்சாகமாகச் சொன்னார். குஞ்சுகள் என்றதும் அக்காவின் கை கீழே இறங்கியது.

"குஞ்சுங்ககிட்டருந்து பிரிச்சுக் கொண்டாந்து நம்ம புள்ளைக்குக் குத்தோ தேடுறீங்களா?"

அண்ணன் வாளியை மறுபடி மூடினார். இடத்தைக் காட்டிய கை என்னுடையது.

"எடுத்த எடத்துலயே விட்டுட்டு வாங்க," என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

மறுபடி படகு, மறுபடி சேறு. அதே இடத்தில் வாளியைச் சாய்த்தார். மீன் ஒரு துள்ளில் மறைந்தது. குஞ்சுகள் இருந்த இடத்தில் மழைத்துளிகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. அண்ணன் குனிந்தபடியே கரை நெடுக நடந்து தேடினார்.

"ஆழத்துக்குப் போயிருக்கும்ணே," என்றேன்.

"எனக்கா சொல்றீங்க தம்பி?"

காவல் போன குஞ்சுகள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். இருட்டும்வரை தேடினோம். நடுநடுவே போனை எடுத்துப் பார்த்தார்.

மறுநாள் விமான நிலையத்தில் விடைபெறும்போதும் "இன்னும் ஒன்னும் இல்ல தம்பி" என்றுதான் சொன்னார்.

சென்னையில் இறங்கினேன். அங்கே படிக்கும் என் மகன் அழைக்க வந்திருந்தான், அவனுக்கும் ஏறக்குறைய தினேஷின் வயது. விமானம் தாமதமானதற்கு, நான் போனை அணைத்து வைத்திருந்ததற்கு, வண்டி நிறுத்த இடம் கிடைக்காததற்கு என்று சிடுசிடுத்துக்கொண்டே இருந்தான். வழக்கமாக நானும் பதிலுக்குக் கத்துவேன். அன்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.