காலியாக விட வேண்டிய கட்டம்

என் தங்கை வீட்டுக்காரருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை லேப்டாப்பே வாய்விட்டு வாசிக்கும். அவர் காதால் கேட்டு, விரலால் அடிப்பார். டெலிபோன் ஆபரேட்டர் வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. படிவத்தின் கடைசியில் 'நிரப்ப உதவியவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. "அந்தக் கட்டத்த காலியா வுடப்போறேன், பாரு" என்று ஒரு வாரமாகத் திருவொற்றியூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிக்கல் ஒன்றுதான். படிவம் தமிழில், லேப்டாப்புக்கு இங்கிலீஷ் மட்டுமே வாசிக்க வரும். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பேர் வாங்கியிருப்பவன் நான். எனக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் சீல் நம்பர் சரிபார்க்கிற வேலை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? "தமிழ்க் குரல்தானே, போட்டுட்டா போச்சு மாப்ள" என்று வாயை விட்டேன். கடைசி நாள் மத்தியானம்தான் போய் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

லேப்டாப் அரதப் பழசு. அதற்கு இணையத்திலிருந்து தானாக எதுவும் வருவது நின்று வருஷங்களாகிவிட்டன. ஒவ்வொரு கோப்பாக என் போனில் தேடி இறக்கி, வயர் போட்டு ஏற்ற வேண்டும். தமிழ்க் குரலை ஏற்றினால், முதலில் இன்னொன்று வேண்டும் என்றது. அதைக் கொண்டுவந்தால் அது வேறு இரண்டைக் கேட்டது. அதில் ஒன்று, இருக்கிற பழசு போதாது, புதுசு கொண்டா என்றது. லேப்டாப் எல்லாவற்றையும் வரி வரியாக வாசித்துத் தொலைத்ததில் எரிச்சலாகி, நான்தான் சத்தத்தை அணைத்தேன். வெளியே டிரெய்லர் ஹாரன் வேறு மண்டையைப் பிளந்தது. புதுசைக் கொடுத்ததும் ஒரு நீளமான பட்டியலைக் காட்டி, இவற்றையெல்லாம் நீக்கவா, ஆமாவா இல்லையா என்று கேட்டது.

"இன்னா மச்சான், கம்முனு கீற?"

"ஏதோ பட்டியல் போட்டுக் கேக்குது."

"முழுசா படிச்சியா?"

"படிச்சேன், படிச்சேன்."

படிக்கவில்லை. சீல் நம்பரில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் லாரியையே ஓரங்கட்டுகிற ஆள் நான். 'ஆமா' தட்டினேன்.

சத்தத்தைத் திரும்ப வைத்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் ஒவ்வொரு விசையாகத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. நீக்கிய பட்டியலில் அந்த வாசிக்கிற மென்பொருளும் இருந்திருக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதைத் திரும்ப ஏற்றப் பார்த்தேன். நான் போட்ட புதுசு இருக்கும்வரை வரமாட்டேன் என்றது. புதுசை எடுத்துவிடலாம் என்றால், பழசு எந்தத் தளத்திலும் கிடைக்கவில்லை. எதைத் தொட்டாலும் இன்னொன்று போய்விடுமோ என்று கையை எடுத்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

"எவ்ளோ டைம் கீது?" என்றார்.

"இருபது நிமிஷம், மாப்ள."

"சரி, நீ படி. நான் சொல்றத அடி."

கேள்வி கேள்வியாகப் படித்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். கடைசிக் கட்டம் வந்ததும் படிப்பதை நிறுத்தினேன்.

"வந்துடுச்சா அந்தக் கட்டம்?"

"ம்."

"உம் பேர அடி."

அடித்தேன்.

"இன்னா அடிச்ச? படிச்சுக் காட்டு."

என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தேன்.