அடிபட்டவரே முன்னால் போகிறார்
தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ் பள்ளிக்கரணையில் நின்றுவிடுகிறது. சாலையை மறித்துக்கொண்டு பத்துப் பதினைந்து இளைஞர்கள் கட்டைகளுடன் நிற்கிறார்கள். இறங்கி விசாரிக்கிறேன். மாதா கோயில் திருவிழாவின் ஸ்பீக்கர் சத்தத்தால் பக்கத்துத் தெருவோடு நேற்று தகராறு. அங்கிருந்து வந்த கல் ஆரோக்கியமேரி என்பவரின் நெற்றியைக் கிழித்திருக்கிறது. பதிலடி கொடுக்கத்தான் இந்தக் கூட்டம்.

அதை மறித்து நிற்பவரும் ஆரோக்கியமேரிதான். நெற்றியில் கட்டு.

“அடி வாங்குனது நானு. நீங்க இன்னாத்துக்குக் கட்டை தூக்கிகினு வரீங்க? பூசையில சமாதானம்னு கை குடுக்குறோமே, அது கோயிலுக்குள்ள மட்டுந்தானா?”

அவர் அந்தத் தெருவை நோக்கி நடக்கிறார். நானும் கூடவே போகிறேன்.

“பயமா இல்லையாக்கா?”

“பயந்தான் சார். நான் போவலன்னா இந்தப் பசங்க கட்டையோட போய்டுவாங்களே.”

மூன்றாவது வீட்டு வாசலில் ஒருவர் எழுந்து நிற்கிறார். ஆரோக்கியமேரியின் நெற்றிக்கட்டைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறுகிறது.

“நான்தான்க்கா எறிஞ்சேன். ஸ்பீக்கர் மேல படணும்னுதான் எறிஞ்சேன். கொயந்தைக்கு ரெண்டு நாளா ஜுரம், கண்ணே மூடல. சத்தத்தக் கொறைங்கன்னு எவ்ளோ கெஞ்சியும் ஒருத்தனும் கேக்கல.”

ஆரோக்கியமேரி திரும்பி, தெருமுனையில் நிற்கும் இளைஞர்களுக்குக் கேட்கும்படி கத்துகிறார்.

“டேய், மொதல்ல அந்த ஸ்பீக்கரக் கயட்டுங்கடா!”

இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இருவர் கட்டைகளைக் கீழே போட்டுவிட்டு ஸ்பீக்கர் கட்டிய கம்பத்தில் ஏறுகிறார்கள்.

“கொயந்தை எங்க?” என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஆரோக்கியமேரி அந்த வீட்டுக்குள் போகிறார்.