வானத்தில் என்ன டிராபிக்?

போன ஆடி மாதம், மும்பையில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நானும் என் கணவரும் மதுரைக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். நாங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். நான் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அவர் அங்கேயே வேன் ஓட்டுகிறார். போகும்போது ரயிலில்தான் போனோம். திரும்பும்போது மருமகன் பிடிவாதமாக விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். இருவருக்கும் அதுதான் முதல் தடவை.

இறங்கப் போகிறோம், பெல்ட்டைப் போடுங்கள் என்று சொல்லி வெகுநேரம் ஆகவில்லை. கீழே வற்றிப்போன கண்மாய்களும் கருவேலங்காடும் தெரிந்தன. அப்பாடா, நம்ம பக்கம் வந்துவிட்டோம் என்று நினைக்கும்போதே விமானம் மூக்கைத் தூக்கியது. இஞ்சின் சத்தம் கூடியது. முதுகு சீட்டோடு அழுந்தியது. தெளிவாகத் தெரிந்த கண்மாய்கள் மறுபடியும் சிறுத்துப் போயின.

எதிரே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பணிப்பெண்ணைப் பார்த்தேன். அவள், பக்கத்தில் இருந்த இன்னொரு பணிப்பெண்ணைப் பார்த்தாள். பிறகு நான் கவனிப்பதைக் கண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து பைலட்டின் குரல் வந்தது. முதலில் இங்கிலீஷில் பேசினார், பிறகு தமிழில். டிராபிக் காரணமாக மறுபடி ஒரு சுற்று சுற்றி இறங்கப் போவதாகவும், பயப்பட ஒன்றும் இல்லை என்றும் நிதானமாகச் சொன்னார்.

"ஏங்க, வானத்துல என்னங்க டிராபிக்கு? நம்மள ஏமாத்துறாக" என்றேன்.

"பேசாம உக்காரு புள்ள. அவுகளுக்குத் தெரியாததா?" என்றார். ஆனால் அவர் கையும் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

என் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் என் அண்ணன் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் விபத்து. அங்கிருந்து போனில் பேசிய மேனேஜர், "ஒண்ணும் இல்லம்மா, லேசான காயந்தான், பதறாம வாங்க" என்றார். அவ்வளவு மென்மையாகப் பேசினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணன் உயிரோடு இல்லை. அதிலிருந்து பொறுப்பில் இருக்கும் யாராவது மெதுவான குரலில் "ஒண்ணும் இல்ல" என்றால் நான் நம்புவதில்லை.

விமானம் சுற்றச் சுற்ற என் மனதும் சுற்றியது. சக்கரம் கீழே இறங்கவில்லையோ? இஞ்சினில் தீயோ? மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். புகை வாடை இல்லை. இறங்கும்போது ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு வண்டி நிற்கிறதா என்று தேடினேன். எதுவும் நிற்கவில்லை. அதையும் நான் நம்பவில்லை, மறைவாக நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சக்கரம் தரையைத் தொட்டு, ஓடி, நின்றது. எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

வாசலில் பைலட் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நரைத்த தலை. நான் அவர் முன்னால் நின்றுவிட்டேன். கணவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"என்ன ஆச்சுங்க? நெசத்தச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லம்மா, சின்ன டிராபிக்தான்" என்றார்.

"அப்படி மட்டும் சொல்லாதீக. எங்க அண்ணன் செத்த அன்னைக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாக."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். கடைசி ஆள் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு பேசினார்.

"இன்னொரு விமானம் நம்ம உயரத்துக்குப் பக்கத்துல வந்துச்சும்மா. அப்படி வந்தா எங்க கருவி ஏறு இல்லைன்னா இறங்குன்னு சத்தமா சொல்லும். எனக்கு ஏறுன்னு சொல்லுச்சு. ஏறினேன்."

"மிசினு தப்பாச் சொல்லியிருந்தா?"

"அதை யோசிச்சுக்கிட்டு நிக்க நேரம் இருக்காதும்மா. கீழே கண்ட்ரோல் டவர்லயிருந்து வேற மாதிரி சொன்னாக்கூட, அந்த நேரத்துல கருவி சொல்றதைத்தான் கேக்கணும். அவங்க விமானத்துலயும் அதே கருவி இருந்தா, அது அவங்களை இறங்கச் சொல்லியிருக்கும். ரெண்டு பேரும் ஒரே பக்கம் போயிடக் கூடாது, அதுக்குத்தான்."

"அப்ப ஆபத்துதான?"

"ஆமாம்மா. விட்டிருந்தா ஆபத்துதான்."

என் கணவர் பையைக் கீழே வைத்துவிட்டார். வேன் ஓட்டுகிறவருக்கு எதிரில் வண்டி வருவது என்றால் என்னவென்று தெரியும்.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "அந்த விமானம் ஏன் அங்கன வந்துச்சு? யாரு மேல தப்பு?"



"எனக்குத் தெரியலம்மா. என் மேலயும் இருக்கலாம். நான் எழுதிக் கொடுப்பேன், விசாரிப்பாங்க. இப்ப தெரிஞ்ச மாதிரி எதையாவது சொன்னா அது பொய்."

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன். வெளியே வெயில் சுட்டது. ஆபத்து இருந்தது என்று கேட்ட பிறகுதான் பயம் விட்டது என்று சொன்னால் யாரும் நம்புவார்களோ என்னவோ, எனக்கு அப்படித்தான் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் இன்றுவரை நம்புகிறேன்.